குப்பைக்கும் டெமரேஜ் போடுங்கள்!

மாகிமில் லோக்கல் ரெயில் ஏறி பாந்திரா போகிறவர்கள் நடுவில் ஒரு பாலத்தைத் தாண்டுகிறார்கள். அந்த இடம் வந்ததும் வாசலில் நிற்பவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரை நிமிடம்தான். பாந்திரா வந்துவிடும். எல்லோரும் மறந்துவிடுவோம்.

அந்தப் பாலத்தின் கீழே ஓடுவதுதான் மித்தி ஆறு. பாலத்தைத் தாங்கிய இரும்புக் கால்கள் 1888-ல் ஊன்றப்பட்டவை. 2025 ஜனவரியில் இரண்டு இரவுகள் ரெயில்களை நிறுத்தி, பழைய கால்களை எடுத்துவிட்டுப் புதுப் பாலம் போட்டார்கள். பாலம் புதிதாகிவிட்டது. கீழே மிதப்பது மட்டும் மாறவில்லை.

என்ன மிதக்கிறது? பால் கவர், தண்ணீர் பாட்டில், குட்காப் பாக்கெட், தெர்மாகோல் துண்டு, ஒற்றைச் செருப்பு, தையல் பட்டறையின் துணி வெட்டு, சாமிக்குச் சாத்திய மாலை. நான் ரெயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தினம் இரண்டு முறை இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். காலையில் கடலை நோக்கிப் போன குப்பை, மாலையில் ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

"மும்பை என்றால் அப்படித்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான்" என்பார் பக்கத்தில் நிற்பவர். மூக்கோடு போகிற விஷயமாக இருந்தால் நானும் எழுதமாட்டேன்.

அந்த ஜூலை 26

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி. சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. அப்போது நான் தாராவியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒற்றை அறை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அம்மா ரேஷன் கார்டையும் ஸ்டவ்வையும் பரணில் ஏற்றிவிட்டு, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தேரியில் வேலை பார்த்த அப்பா மறுநாள் பகலில்தான், நடந்தே, வீடு வந்து சேர்ந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைக் கழுவினோம். சேற்றைவிட பிளாஸ்டிக் பைகளே அதிகம் இருந்தன. கட்டில் காலில் சுற்றிக்கொண்டவை, கதவிடுக்கில் செருகிக்கொண்டவை, அடுப்புத் திட்டில் ஒட்டிக்கொண்டவை என்று ஏழு கூடை அள்ளினோம். அத்தனையும் எங்கள் பேட்டையில் எப்போதோ வெளியே எறிந்தவை. தண்ணீர் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

அந்த வெள்ளத்துக்குக் குப்பை ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். மழை அப்படிப்பட்ட மழை. அன்று பிற்பகல் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. விமான நிலைய ஓடுபாதைக்காக ஆற்றை மடக்கித் திருப்பியிருக்கிறார்கள். பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸ் எழுந்ததே சதுப்பைத் தூர்த்த நிலத்தில்தான். ஆனால் இருந்த கொஞ்சம் வழியையும் அடைத்ததில் பிளாஸ்டிக்குக்குப் பங்கு உண்டு. அதனால்தான் 2006-ல் மகாராஷ்டிர அரசு மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. 2005 ஆகஸ்டிலேயே மித்தி ஆற்றுக்கென்று தனி ஆணையமும் அமைத்தது.

இருபது வருடம் கழித்து, 2025 ஆகஸ்டு 19-ந் தேதி, மித்தி மறுபடியும் அபாய அளவைத் தாண்டியது. குர்லா கிராந்தி நகர் மக்களை வெளியேற்றினார்கள். சென்டிரல் லைனிலும் ஹார்பர் லைனிலும் பல மணி நேரம் ரெயில் ஓடவில்லை. மாதச் சம்பளக்காரனுக்கு அது ஒரு நாள் லீவு. தாராவியிலும் குர்லாவிலும் இருக்கும் நம் தினக்கூலிக்காரனுக்கு அன்று அடுப்பு எரியாது.

மிதப்பது எப்படி அடைக்கும்?

மித்தி பெரிய ஆறு அல்ல. விகார், போவாய் ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி, சாக்கி நாக்கா, குர்லா, காலினா, தாராவி வழியாக மாகிமில் கடலில் சேர்கிறது. மொத்தம் சுமார் 18 கிலோ மீட்டர். இரு கரையிலும் எத்தனையோ நாலாக்கள் இதில் வந்து விழுகின்றன. ஆற்றில் மிதக்கும் குப்பை எல்லாம் இந்த நாலாக்கள் கொண்டுவந்து சேர்த்தவைதான்.

நாலா முதலில் வந்து முட்டுவது ஏதாவது ஒரு சாலைப் பாலத்தில், அல்லது தண்டவாளத்தின் கீழே உள்ள கல்வெர்ட்டில். வாயில் ஒரு மரக்கட்டையோ கேபிளோ குறுக்கே கிடந்தால் போதும். அதில் முதலில் ஒரு துணி மாட்டும். துணியில் பை மாட்டும். பையில் சேறு தங்கும். நாலே நாளில் அது பாய் மாதிரி கெட்டியாகிவிடும். மழை வரும் அன்று தண்ணீர் கீழே போக வழி இல்லாமல் தண்டவாளத்தின் மேலே ஏறிவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் கல்வெர்ட்டுகளைச் சுத்தம் செய்ய எங்கள் ரெயில்வே எவ்வளவு பாடுபடுகிறது என்பது எனக்குத் தெரியும். தண்டவாளக் குப்பையையும் சேற்றையும் அள்ளிப் போவதற்கென்றே 'மக் ஸ்பெஷல்' என்று தனி ரெயில் ஓடுகிறது. பயணிகளுக்கும் சரக்குக்கும் ஓடுவதுபோல் குப்பைக்கும் ரெயில் ஓடுகிற ஊர் இது!

கல்வெர்ட்டைத் தாண்டிய குப்பையும் ஒழிந்துபோவதில்லை. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. இறங்கும்போது குப்பை மாகிம் பக்கம் போகும். ஏறும்போது தாராவி பக்கம் வரும். நடுவில் மாகிம் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இந்த மரங்கள் தெரிந்திருக்கும். சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால்தான் இவை மூச்சு விடுகின்றன. அந்த வேர்களின் மேல் பிளாஸ்டிக் போர்வை படிந்தால் மரம் வாடும். அந்தச் சதுப்பை நம்பி நண்டும் இறாலும் பிடித்து வந்த தாராவி கோலிவாடா மீனவர்களின் தொழில் என்ன ஆயிற்று என்று அங்கே உள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் அந்த இடத்தின் பூர்வ குடிகள். நாமெல்லாம் பிறகு வந்தவர்கள்.

மிச்சக் குப்பை கடலுக்குப் போகிறது. அதையும் கடல் வைத்துக்கொள்வதில்லை. மழைக்காலத்தில் பெரிய ஏற்றம் வரும் நாட்களில் மாகிமிலும் ஜூகுவிலும் மரைன் டிரைவிலும் நம் குப்பையை நம் காலடியிலேயே கொண்டுவந்து கொட்டுகிறது.

தடுப்பு இருக்கிறது, வண்டி இல்லை

மாநகராட்சி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. சில வருடங்களாகச் சில நாலாக்களின் குறுக்கே மிதவைத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். 'டிராஷ் பூம்' என்கிறார்கள். மிதவைகளைச் சங்கிலி மாதிரி கோத்து, கீழே வலை தொங்கவிட்டிருப்பார்கள். தண்ணீர் போய்விடும். மிதக்கும் குப்பை நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான்.

நிருபர் வேலைக்காக அப்படி ஒரு நாலாவைப் பார்க்கப் போயிருந்தேன். தடுப்பின் பின்னால் கரைக்குக் கரை குப்பை நிரம்பி நின்றது. அதன் மேல் ஒரு நாய் நடந்து போயிற்று. குப்பை அவ்வளவு கெட்டி! கரையில் மூன்று தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். தமிழில் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏண்ணே, அள்ளாம உட்கார்ந்திருக்கீங்க?" என்றேன்.

"அள்ளி எங்க தம்பி போடறது? போன வாரம் அள்ளினது அதோ கரையிலேயே கெடக்கு பாருங்க. வண்டி வந்தாத்தானே எடுத்துக்கிட்டுப் போவாங்க? வண்டி வர்ற அன்னிக்கு எங்களுக்குக் கூலி. வராத அன்னிக்கு இப்படித்தான்."

கரையைப் பார்த்தேன். மேடாகக் குவித்திருந்த குப்பையின் ஒரு ஓரம் சரிந்து, மறுபடியும் நாலாவுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் கையில் உறை இல்லை. காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

கூட்ஸ் ஷெட் பாடம்

அன்று இரவு எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. எங்கள் கூட்ஸ் ஷெட்டில் இந்த வியாதிக்கு நூறு வருடத்துக்கு முன்பே மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்!

சரக்கு வேகன் வந்து நின்றால், இறக்கிக்கொள்ள இவ்வளவு நேரம் என்று இலவச நேரம் கொடுப்போம். அதற்குள் இறக்காவிட்டால் மணிக்கு இவ்வளவு, வேகனுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் விழும். இறக்கிய சரக்கைப் பிளாட்பாரத்திலேயே போட்டு வைத்தாலும் விடமாட்டோம். அதற்கு வார்பேஜ் என்று தனிக் கட்டணம். எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் டெமரேஜ் என்றால் ஓடி வருவார். இப்போது கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஆனால் விதி பழைய விதிதான். ஒரு வேகன் நகராவிட்டால் பின்னால் வரும் வேகனுக்கு இடம் இல்லை. இதுதான் அந்த விதியின் உயிர்.

நாலாவும் ஒரு லைன்தான். குப்பை தினமும் வந்து நிற்கிற சரக்கு. தடுப்பு கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது, சிக்னலைச் சிவப்பாக்கிவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கப் போவது போல. நிறுத்தியதை அன்றன்றைக்கு இறக்க வேண்டும். இறக்கியதை அன்றன்றைக்கு எடுத்துப் போக வேண்டும். தவறினால் மணிக்கணக்கில் அபராதம் விழ வேண்டும். ஆற்றில் நிற்கும் குப்பைக்கு டெமரேஜ், கரையில் கிடக்கும் குப்பைக்கு வார்பேஜ்!

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஜோன்ஸ் பால்ஸ் என்ற சிற்றாறு துறைமுகத்தில் விழும் இடத்தில், 2014-ல் ஒரு தண்ணீர்ச் சக்கரத்தை மிதக்கவிட்டார்கள். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றும். ஓட்டம் குறைந்தால் சூரிய சக்தியால் பம்பு ஓடி அதைச் சுற்றும். மிதவைத் தடுப்பு குப்பையை ஒரு வாய்க்கு ஒதுக்கும். பெல்ட் மேலே ஏற்றித் தொட்டியில் கொட்டும். தொட்டி நிரம்பினால் படகில் வந்து மாற்றுவார்கள்.

சக்கரத்தைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். குமாஸ்தாவான நான் வியந்தது அவர்கள் எழுதும் ரிஜிஸ்டரை. ஒவ்வொரு தொட்டிக்கும் தேதி என்ன, எடை என்ன, அதில் ஏறக்குறைய எத்தனை பாட்டில், எத்தனை பை, எத்தனை தெர்மாகோல் டப்பா என்று கணக்கு எழுதி ஊருக்கே காட்டுகிறார்கள். எது அதிகம் வருகிறது என்று தெரிந்தால்தானே எதைத் தடுப்பது என்று தெரியும்? அந்த மேரிலாந்து மாநிலம் தெர்மாகோல் உணவு டப்பாக்களுக்கு 2020-ல் தடை கொண்டுவந்தது.

அந்தச் சக்கரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லவில்லை. மாகிமில் கடல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. குப்பையின் அளவும் வேறு. ஆற்றின் வாயில் ஒரே ஒரு பெரிய இயந்திரம் வைப்பதைவிட, நாலா ஆற்றில் விழும் ஒவ்வொரு இடத்திலும் சின்னத் தடுப்பும், தினம் அள்ள நாலு ஆளும், தினம் வர ஒரு வண்டியும் போதும். அங்கேயிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது அந்த ரிஜிஸ்டரை.

எடைக்குப் பணம்

மும்பையில் கணக்கே இல்லை என்று சொல்லமாட்டேன். தூர் வாருவதற்கு எடைக் கணக்கு இருக்கிறது. இத்தனை டன் சேறு அள்ளினேன் என்று காட்டினால் இத்தனை ரூபாய். வேலையில் பெரும்பகுதி மழைக்கு முந்திய மாதங்களில் நடக்கும். அந்தக் கணக்கு எப்படி இருந்தது? மித்தியில் தூர் வாரியதில் சுமார் 65 கோடி ரூபாய் மோசடி நடந்தது என்று 2025 மே மாதம் மும்பைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். காண்டிராக்டர்களும் மாநகராட்சி அதிகாரிகளும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். குற்றம் உண்மையா, பொய்யா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். நான் சொல்வது வேறு.

எடைக்குப் பணம் கொடுத்தால் எடைதான் வரும். ஆறு சுத்தமாகும் என்பது நிச்சயம் இல்லை. ஒரு பால் கவருக்கு எடை ஏது? தெர்மாகோலுக்கு எடை ஏது? கல்வெர்ட்டை அடைப்பது அவைதான். ஆனால் எடைமேடையில் அவற்றுக்கு மதிப்பே கிடையாது. ஆகவே மிதக்கும் குப்பைக்கு வேறு அளவு வேண்டும். காலை எட்டு மணிக்குத் தடுப்பு காலியாக இருந்ததா, இல்லையா? காலியாக இருந்தால் முழுப் பணம். இல்லாவிட்டால் டெமரேஜ். இதைச் சரிபார்க்க என்ஜினீயர் வேண்டாம். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பையன் சொல்லிவிடுவான்.

தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். வர்சோவா கடற்கரையில் அப்ரோஸ் ஷா என்ற வக்கீல் 2015 அக்டோபரில் தாமே குனிந்து குப்பை பொறுக்க ஆரம்பித்தார். பின்னால் ஊரே சேர்ந்தது. மறு வருடம் ஐ.நா. விருது கிடைத்தது. 2018-ல் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போயின. கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம். ஆனால் தொண்டர் வருவது ஞாயிற்றுக்கிழமை. குப்பை வருவதோ ஏழு நாளும். திங்கட்கிழமைக்குச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும்.

நம் பங்கு என்ன?

இவ்வளவு எழுதிவிட்டு என் குற்றத்தை மறைத்தால் அது முறையல்ல. வெள்ளிக்கிழமை பூஜைப் பூவை ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்பார் என் தாயார். பல வருடம் அந்தப் பூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போய், மாகிம் பாலத்தில் ரெயில் வாசலிலிருந்து பையோடு வீசியிருக்கிறேன். ரெயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு! அந்த நாலாக் கரையைப் பார்த்து வந்த பிறகு நிறுத்தினேன். இப்போது பூவை மண் தொட்டியில் போட்டுத் துளசிக்கு உரமாக்குகிறோம். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் பேட்டைகளில் ஜன்னலைத் திறந்து நாலாவில் வீசுவது சர்வ சாதாரணம். ஆனால் வீசுகிறவரை மட்டும் திட்டி என்ன பயன்? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. குப்பை வண்டி உள்ளே வராது. தொட்டி இருக்கும் இடம் பத்து நிமிட நடை. காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும் பெண் அந்தப் பையை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? சந்துக்குச் சந்து தள்ளுவண்டி விட்டு, காலையும் இரவும் வாங்கிக்கொண்டால் பாதிக் குப்பை நாலாவுக்கே போகாது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். தாராவி 13-ம் காம்பவுண்டில் இந்த ஊர் எறியும் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அரைத்து, மறுபடி சரக்காக்குகிறார்கள். பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அங்கே விலை உண்டு. அதனால் அவற்றை யாராவது பொறுக்கிவிடுகிறார்கள். விலை போகாத பால் கவரும் குட்காப் பாக்கெட்டும்தான் நாலாவில் மிதக்கின்றன. கிலோவுக்கு இவ்வளவு என்று இவற்றுக்கும் மாநகராட்சி ஒரு விலை வைத்தால், பொறுக்குவோருக்கும் பிழைப்பு, நாலாவுக்கும் விடுதலை. 2018-லேயே மாநிலத்தில் பிளாஸ்டிக் தடை வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்றார்கள். அந்தத் தடையின் கதி என்ன என்பதைக் காய்கறிக் கடையில் உங்கள் கையில் தொங்கும் பையே சொல்லும்.

கோரிக்கை

மாநகராட்சிக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஆற்றில் விழும் எல்லா நாலாக்களிலும் தடுப்பு கட்டுங்கள். ஒவ்வொரு தடுப்பின் பக்கத்திலும் ஒரு பலகை வையுங்கள். கடைசியாக எப்போது அள்ளியது, எத்தனை வண்டி போயிற்று, பொறுப்பு யார் என்பதை மராத்தி, இந்தியோடு அந்தந்தப் பேட்டை மொழியிலும் எழுதுங்கள். குறித்த நேரத்தில் அள்ளாத காண்டிராக்டருக்கு மணிக்கணக்கில் டெமரேஜ் போடுங்கள். அள்ளுகிற தொழிலாளிக்கு வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கூலி கொடுங்கள். கையுறையும் பூட்சும் கொடுங்கள்.

நமக்கும் வேலை இருக்கிறது. நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒன்று கூடுகின்றன. நல்லதுதான். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சங்கத்தார் தங்கள் பேட்டை நாலாவை நடந்து பார்த்து, எங்கே அடைத்திருக்கிறது என்று குறித்து, வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்கட்டும். முத்திரை விழுந்த காகிதத்துக்கு உள்ள மதிப்பு குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்ற வாரம் அந்த நாலா வழியாக மறுபடி போனேன். கரை மேடு அங்கேயே இருக்கிறது. மேலே புல் முளைத்திருக்கிறது. எங்கள் ஷெட்டில் ஒரு சரக்கு இத்தனை நாள் கிடந்திருந்தால் வார்பேஜ் சரக்கின் விலையைத் தாண்டியிருக்கும். இங்கே அந்தக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? மழை வரும் அன்று பரணில் ரேஷன் கார்டை ஏற்றுகிறவர்கள்தான் கட்டுகிறார்கள்.

அடுத்த மழைக்குள்ளாவது வண்டி வருமா?